மகள் மறந்த சாவு

என் மகளுக்குத் தலையில் கரண்ட் வைக்கப் போகிறார்கள் என்றதும் ஆனையூரில் எங்கள் தெருவே பயந்தது. "மூளை வெந்துபோகும்க்கா, வேணாம்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எனக்கும் அந்தப் பயம்தான். ஆனால் வருடக்கணக்காக மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தும் மனநோய் அவளை விடவில்லை. சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தால் வைத்தபடியே இருக்கும். அவளுடைய அப்பா செத்த அன்று, தூக்கிக்கொண்டு போகும்வரை கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வந்தவர்கள், "பெத்த மகளுக்கு இம்புட்டுக் கல்நெஞ்சா" என்று என் காதுபடப் பேசினார்கள். அதற்குப் பிறகு அவளுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. அதனால்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "சினிமாவுல காட்டுற மாதிரி இல்லம்மா. மயக்க ஊசி போட்டுத்தான் வைப்போம், வலி தெரியாது. ஆனா ஞாபகம் கொஞ்சம் தப்பும். கிட்டத்துல நடந்தது சிலது மறந்துபோகலாம். சிலது திரும்பி வரும், சிலது வராமலும் போகும்." சாப்பிட்டால் போதும் என்றிருந்த எனக்கு அது காதில் ஏறவில்லை.

வெறும் வயிற்றோடு அவளைக் கூட்டிப்போவார்கள். கம்மலையும் மூக்குத்தியையும் கழற்றி என் முந்தானையில் முடிந்துகொள்வேன். கொஞ்ச நேரத்தில் தூங்குகிறவளைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். நெற்றி ஓரத்தில் பசை மாதிரி ஏதோ ஒட்டியிருக்கும். ஈரத்துணியால் துடைத்துவிடுவேன்.

சில தடவை வைத்த பிறகு ஒருநாள் இட்லியைத் தானே பிட்டுத் தின்றாள். "சட்னி இல்லையாம்மா?" என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அடுத்து, "அப்பா எங்கம்மா, வரலையா?" என்றாள்.

முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "வருவாருடி" என்றேன்.

வராந்தாவில் என் மகன் சொன்னான்: "இப்பச் சொன்னா மறுபடி படுத்துருவாம்மா. கொஞ்ச நாள் போகட்டும். நீ ஒரு பொட்ட வச்சுக்கிட்டுப் போ." வாசல் கடையில் ஸ்டிக்கர் பொட்டு வாங்கி வந்து கையில் திணித்தான். இந்தக் காலத்தில் புருஷன் போன பிறகும் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எங்கள் சனத்தில் ஒருமுறை அழித்தால் அழித்ததுதான். கக்கூஸ் கண்ணாடி முன்னால் நின்று ஒட்டிக்கொண்டேன். அது கோணலாக ஒட்டியது.

அடுத்த கட்டிலுக்குத் துணையிருந்தவள், "வீட்டுக்காரர் என்ன பண்றாருக்கா? ஆளையே காணமே" என்றாள். "டவுன் பஸ்ல கண்டக்டரா இருக்காரு" என்றேன். ரிட்டயராகி, செத்தும் போன மனுசனை மறுபடி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

மகள் தேறிக்கொண்டே வந்தாள். தேறத்தேற அவரைக் கேட்டாள். நானும் ஊருக்குப் போயிருக்கார் என்றேன், கால் வலி என்றேன். ஒரு சாயங்காலம் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

"அப்பாவுக்கு எம்மேல கோவமாம்மா?"

"எதுக்குடி கோவம்?"

"நான் இப்படிக் கெடக்குறது அவருக்கு அவமானமா இருக்கு போல. அதான் எட்டிக்கூடப் பாக்கல."

அவளைத் தோளில் தாங்கி மாடி ஏற்றி எத்தனையோ டாக்டரிடம் காட்டிய மனுசன் அவர். அந்தப் பேச்சை அவர்மேல் விழவிட எனக்கு மனசு வரவில்லை. பொட்டைப் பிய்த்துக் கட்டில் கம்பியில் ஒட்டினேன். அவள் முன்னால் வந்து உட்கார்ந்தேன்.

"அப்பா இல்லடி. செத்துப்போனாரு."

என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்ப?"

"நீ இங்க வாரதுக்கு முன்னாடி."

"நான் இருந்தேனா?"

"இருந்த. கால்மாட்டுலயே உக்காந்திருந்த."

"அழுதேனாம்மா?"

நான் சீப்பில் சிக்கிய முடியை உருவிக்கொண்டிருந்தேன். அவளுக்கு உதடு கோணியது. பிறகு வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்டே திரும்பிப் பார்த்தது. "அப்பா, அப்பா" என்று கட்டில் கம்பியில் முட்டிக்கொண்டு அழுதாள். தலையைப் பிடித்து மடியில் போட்டுக்கொண்டேன்.

நர்ஸ் ஓடிவந்தது. "நல்லாத்தான இருந்தாங்க, என்ன ஆச்சும்மா? டாக்டர கூப்பிடவா?"

"அவங்க அப்பா செத்துட்டாரும்மா" என்றேன், அன்றைக்குத்தான் செத்தவரைப் போல. "கொஞ்ச நேரம் அழட்டும்."