பேரரசனை ஸ்கூட்டரில் ஏற்றி வந்தவன்

திருநகரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியை வாடகைக்குப் பிடித்து, காமிக்ஸ் மாநாடு என்று பெயர் வைத்திருந்தார்கள். மாநாடு என்றால் மதுரைக்காரனுக்குக் கொடி கட்டிய வேன், வழியை மறித்த பந்தல், தலைவரை விடப் பெரிய மாலை இதெல்லாம்தான் நினைவுக்கு வரும். இங்கே இருந்தவை பந்தி மேசைகள். வழக்கமாகச் சாம்பார் சிந்தும் இடத்தில் கறுப்புத் துணி விரித்து, சாவிக்கொத்தும் காபிக் கோப்பையும் பரப்பியிருந்தார்கள். கோப்பையில் உலகைக் காக்கும் வீரன் ஒருவனின் படம். வெந்நீர் ஊற்றினால் அவன் முகம் உரிந்துவிடும். அதற்கு லிமிடெட் எடிஷன் என்று பெயர்.

வாங்க வந்தவர்கள் அதற்கு மேல். யோகா விரிப்பை வெட்டிக் கவசம் செய்தவன் ஒருவன். அக்காவின் துப்பட்டாவை முதுகில் முடிந்துகொண்டு பறக்கத் தயாராக நின்றவன் இன்னொருவன். உடம்பெல்லாம் பச்சை பூசிக்கொண்டு வந்த ஒருவன், வேர்வையில் சாயம் ஒழுகி, கீரை அலசின பாத்திரம் மாதிரி நின்றான். பாதிப் பேர் எந்தப் படத்தையும் முழுசாகப் பார்த்தவர்கள் இல்லை. செல்போனில் துண்டு துண்டாகப் பார்த்துவிட்டு, "நான் வெறித்தனமான ஃபேன்ணே" என்று நெஞ்சில் தட்டுவார்கள்.

இவர்களை இளக்காரமாகப் பார்க்கும் தகுதி எனக்கு இருந்தது. நான் உண்மையான ரசிகன். டைல்ஸ் கடையில் மேலாளர், காலையில் பிபி மாத்திரை போடுகிறவன், ஆனாலும் ரசிகன். ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு வெளிநாட்டுத் தொடர் டிவியில் தமிழ் பேசிக்கொண்டு வந்தது. கிரகங்களை வரிசையாகப் பொசுக்கும் பேரரசன் ஒருவன் அதில் வில்லன். கடைசி வரை முகமூடியைக் கழற்றவே மாட்டான். அவனுக்குத் தமிழில் பேசியவரின் குரல் இருக்கிறதே, கிணற்றுக்குள் இடி இறங்கின மாதிரி இருக்கும். "மண்டியிடு. இல்லையென்றால் மண்ணாகு" என்று அவர் சொல்லும்போதெல்லாம் சோபாவில் உட்கார்ந்தபடியே முட்டியை மடக்கியிருக்கிறேன். நல்லவனுக்குக் குரல் கொடுத்தது யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்து என்ன செய்ய?

அந்தக் குரல்காரர்தான் மாநாட்டுக்குச் சிறப்பு விருந்தினர். சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து காலையில் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்குவார். அழைத்து வரும் பொறுப்பை நான் கேட்டு வாங்கினேன். அவர் தன் முகத்தை எங்கேயும் காட்டியதில்லை. வாட்ஸ்அப்பில்கூட மைக் படம்தான்.

"ஒரு போட்டோ இல்லாம எப்படிண்ணே ஆளக் கண்டுபிடிப்பீங்க?" என்று எங்கள் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டான் ஒரு தாடிக்காரன். வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். முதல் ரசிகன் என்ற என் இடத்துக்குக் குறி வைத்திருப்பவன்.

"தம்பி, போட்டோ உனக்குத்தான் வேணும். அவர் தும்முனாலே எனக்குத் தெரியும்."

"தெரியாட்டி?"

"தெரியாட்டி, நான் ரசிகனே இல்லைன்னு மைக்லயே சொல்லிட்டுப் போறேன்."

குழுவில் கைதட்டல் பொம்மைகளாகப் போட்டுத் தள்ளினார்கள். இதற்குப் பிறகு பின்வாங்க முடியுமா?

குருவுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று பேரரசனின் வேஷத்திலேயே கிளம்பினேன். பழைய கறுப்பு ஜன்னல் திரையில் அங்கி, தெர்மோகோலில் மார்புக் கவசம். "அந்த இடுப்பையாச்சும் மூடிக்கங்க" என்று மட்டும் சொன்னாள் என் மனைவி. மாட்டுத்தாவணியில் பூக்கூடையோடு போன ஒரு அம்மா நின்று பார்த்து, "இம்புட்டுக் கறுப்பா என்ன வேண்டுதலப்பா இது?" என்றது.

விருந்தினரின் போன் அணைந்து கிடந்தது. சென்னை பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து ஆட்களைக் கொட்டின. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இறங்குகிறவன் எவனும் வசனம் பேசிக்கொண்டு இறங்க மாட்டான் என்று. கொட்டாவி விடுவான், பையைத் தேடுவான், கக்கூஸ் எங்கே என்று கேட்பான். கொட்டாவியில் நான் குரலை எப்படிக் கண்டுபிடிப்பது? போதாக்குறைக்கு, "திருச்சி, திருச்சி, ஏறு" என்று கத்துகிற ஒவ்வொருவனும் பேரரசன் மாதிரியே கத்தினான். காதில் ஜிவ்வென்றது. ஒருவர் பின்னாலேயே போய் அவர் மனைவியிடம் பேசுவதை ஒட்டுக் கேட்டேன். அவர் திரும்பி முறைத்ததும், வேறு வழியில்லாமல் மேலங்கியை விரித்து வணக்கம் போட்டேன்.

அந்த நேரம் பார்த்து அரைக்கைச் சட்டை போட்ட ஒல்லியான ஆள் ஒருவர், துணிப்பையோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், நீங்க அந்தத் திருநகர் நிகழ்ச்சிக்குத்தானே..." என்றார். குரலா அது? பல்லி கத்தினால் இன்னும் கொஞ்சம் சத்தமாக இருக்கும்.

"ஆமா. டிக்கெட் எடுத்திருந்தா டவுன் பஸ் பிடிச்சு வாங்க. இது விருந்தாளிக்கான வண்டி."

"இல்ல சார், நான்தான்..."

"பஸ்ஸு அங்கிட்டு நிக்கும் பாருங்க." கையைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். ஓசிப் பயணத்துக்கு அலைகிற ரசிகர்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!

பின்னால் இடி விழுந்தது. "ஏய், மனுசன் நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையாடா? ஆட்டோவை மேலயே ஏத்திருவியோ?"

எனக்கு மயிர்க்கால் ஒவ்வொன்றும் எழுந்து நின்றது. அதே கிணறு, அதே இடி. திரும்பினால் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையகல மீசை. ஓடிப்போய்க் குனிந்தேன்.

"அண்ணே, மண்டபத்துல இருந்து வாரேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "திருநகர் மண்டபமா?"

"ஆமாண்ணே. உங்களக் கூப்பிடத்தான்."

"இப்பத்தான் புத்தி வந்துச்சாக்கும். அதுக்கும் ஒரு வேஷக்காரனத்தான் அனுப்பிவிட்டிருக்கான்."

"அங்க எல்லாருமே வேஷம்தாண்ணே. எல்லாம் உங்களுக்காகத்தான்."

முகம் கொஞ்சம் இளகியது. "அம்புட்டுச் செலவு பண்றானா அவன்?"

"உங்க பேரச் சொன்னாலே நடுங்குறான்ணே" என்றேன், மாநாட்டை நடத்தும் செல்போன் கவர் கடைக்காரனை மனதில் வைத்து.

"நடுங்கணும்ல."

பிற்பாடு தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதே மண்டபத்தின் கீழ்த்தளத்தில் அன்றைக்கு ஒரு காதுகுத்து. இவர் அந்தக் குழந்தையின் தாய்மாமன். மாமன் மடியில் உட்கார்ந்தால்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். தங்கச்சி மாப்பிள்ளை பத்திரிகை வைத்த விதம் சரியில்லை என்று இவருக்குக் கோபம். பெண்டாட்டியையும் சீர்த்தட்டையும் வேனில் அனுப்பிவிட்டு, ஆள் வந்து அழைத்தால்தான் மண்டபம் ஏறுவேன் என்று போனையும் எடுக்காமல் பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறார். இந்தக் காலத்து விசேஷங்களில் வாசலில் கரடி வேஷம், பொம்மை வேஷம் நிறுத்துகிறார்களே, என்னையும் அந்த வகை என்று எடுத்துக்கொண்டார். அதில் தப்பு சொல்ல முடியாது. நான் அந்த வகைதான்.

ஸ்கூட்டரில் ஏறியதும் கேட்டார், "நான் வராம ஆரம்பிச்சிருவாய்ங்களா?"

"நீங்க இல்லாம இது நடக்குமாண்ணே?"

"அப்படிச் சொல்லு." தோளில் கை வைத்தார். கிரகங்களைப் பொசுக்கிய கை. திருநகர் வரை நான் பள்ளம் பார்த்து ஓட்டினேன்.

மண்டப வாசலில் காதுகுத்துக் கூட்டம் அடைத்துக்கொண்டிருந்தது. விருந்தினர் நசுங்கிவிடக் கூடாது என்று பின்பக்கப் படி வழியாக மாடிக்கு ஏற்றினேன். கதவைத் திறந்ததும் யோகா விரிப்புகளும் துப்பட்டாக்களும் எழுந்து நின்று ஊளையிட்டன. மாலை விழுந்தது, பொன்னாடை விழுந்தது. பச்சைக்காரன் காலில் விழுந்து, வேட்டி நுனியில் பச்சையை ஒட்டிவிட்டுப் போனான். மாமன் எதற்கும் அசரவில்லை. இதெல்லாம் தனக்குக் கிடைக்க வேண்டியதுதான், கொஞ்சம் தாமதமாகக் கிடைக்கிறது என்கிற முகம்.

நான் மைக்கைப் பிடித்து, "முகம் தேவையில்லை, குரல் போதும் என்றேன். இதோ!" என்று தாடிக்காரனைப் பார்த்தபடி சொல்லி, மைக்கை அவரிடம் நீட்டினேன்.

"என்னைய பஸ் ஸ்டாண்டுல நிக்க வச்சவன் எவன்?" என்று ஆரம்பித்தார் மாமன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கூட்டம் அலறியது.

"அவன் என் முன்னாடி வரணும். வந்து நிக்கணும். நான் இல்லாம இங்க ஒரு துரும்பு அசையுமா?"

"அசையாது!" என்று மொத்த மாடியும் கத்தியது.

"பிள்ளையக் கொண்டாங்கடா என் மடிக்கு! ஒரு சொட்டு ரத்தம் கூடுதலா வந்துச்சு, குத்துறவன் கைய எடுத்துருவேன்!"

"புது சீசன் வசனம்ணே! இன்னும் வெளியவே வரல!" என்று தாடிக்காரன் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துள்ளினான். அவன் தோற்றுவிட்டான் என்கிற மகிழ்ச்சியில் நானும் துள்ளினேன். பேரரசன் மடியில் பிள்ளையை வைத்து என்ன செய்யப் போகிறான் என்று யோசிக்கிற மூளை அங்கே ஒருவனுக்கும் இல்லை. முதல் வரிசையிலிருந்த ஒரு ரசிகர், வௌவால் காது வைத்த தொப்பி போட்ட தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் மாமன் மடியில் உட்கார வைத்தார், போட்டோவுக்காக.

மாமன் தொப்பியைத் தூக்கிப் பார்த்தார். "இது எங்க பிள்ள இல்லையே."

கூட்டம் சிரித்தது.

"ஏய், கறுப்புத்துணி! இது யாரு பிள்ள? என் தங்கச்சி எங்க?"

பேரரசனுக்குத் தங்கச்சி கிடையாது. அந்தத் தொடரை நான் மனப்பாடமாக அறிவேன். ஓரடி பின்வாங்கினேன், மார்புக் கவசத்தின் தெர்மோகோல் உடம்போடு உரசிக் கிறீச்சிட்டது. பின்பக்கப் படிவழியே ஓடிப் போய் ஸ்கூட்டரைக் கிளப்பி, அப்படியே திருமங்கலம் தாண்டிவிடலாமா என்றுகூடக் கணக்குப் போட்டேன். ஜன்னல் திரையைக் கட்டிக்கொண்டு எந்த ஊரில் போய் ஒளிவது?

அதற்குள் படியில் தடதடவென்று சத்தம். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பட்டுச் சேலையில் ஒரு பெண். "அண்ணே! உன் சத்தம் கீழ வரைக்கும் கேக்குது, நீ இங்கன என்னண்ணே பண்ற?"

அந்த அம்மா ஆளைப் பார்க்கவில்லை. தளத்துக்குக் கீழே, மேளச் சத்தத்துக்கு நடுவே, கொரகொரக்கும் ஒலிபெருக்கியில் கேட்டதுதான். எந்த வாட்ஸ்அப் குழுவிலும் சேராமலே கண்டுபிடித்துவிட்டது. பின்னாலேயே அவள் புருஷன் வந்து, "மச்சான், தப்புத்தான், இறங்கி வாங்க. நல்ல நேரம் போகுது" என்று கையைப் பிடித்தார். மாமன் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். இந்த மரியாதையெல்லாம் மச்சினன் ஏற்பாடு இல்லை என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. நாடகம் நன்றாக இருந்தது என்று ரசிகர்கள் கைதட்டினார்கள்.

அவர்கள் போன வழியே ஒதுங்கி ஒதுங்கி ஒருவர் மேலே வந்தார். அரைக்கைச் சட்டை, துணிப்பை. நெற்றியில் கீழே வரவேற்பில் வைத்துவிட்ட சந்தனம். "டவுன் பஸ்லயே வந்துட்டேன் சார்" என்றார். "போன்ல சார்ஜ் இல்ல. கீழ உட்கார வச்சு ஜூஸ் குடுத்தாங்க."

என் ரத்த அழுத்தத்தை அப்போது யாராவது அளந்திருந்தால் கருவி வெடித்திருக்கும். செல்போன் கவர் கடைக்காரனின் காதைக் கடித்தேன். அவன் அரைக்கைச் சட்டைக்காரரை மேடையேற்றி, இவர்தான் அசல் என்று அறிவித்தான். மாலை மிச்சமில்லை. அவர் அந்தப் பல்லிக் குரலில், மூச்சை அடக்குவது எப்படி, முகமூடிக்குள் பேசுகிற மாதிரிப் பேச வாயருகே கையை எப்படி வைத்துக்கொள்வார் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார்.

"மொதல்ல வந்தவரக் கூப்பிடுங்கண்ணே!" என்று ஒரு குரல். "இவரு டூப்பு!" என்று இன்னொன்று. கோப்பையில் ஒட்டியிருக்கிற படத்துக்குக் கைதட்டுகிற கூட்டம் வேறென்ன சொல்லும்?

தாடிக்காரன் அவசரமே இல்லாமல் வந்து என்னிடம் மைக்கைக் கொடுத்தான். "அண்ணே, ஏதோ சொல்றேன்னீங்கள்ல?"

வாங்கிக்கொண்டேன். வாயைத் திறப்பதற்குள் காதுகுத்து வீட்டுக்காரர் மறுபடியும் கதவில் நின்றார். "காது குத்தியாச்சு. மாடியில இருக்கிற வேஷம் அம்புட்டுப் பேரும் பிரியாணிக்கு வரணும்னு மச்சான் சொல்லிட்டாரு. வராட்டி அவரு சாப்பிட மாட்டாராம்!"

உலகைக் காக்க வந்தவர்கள் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு படியிறங்கினார்கள். தாடிக்காரன்தான் முதலில். கோப்பைக் கடையில்கூட ஆள் இல்லை. மேடையில் அவரும் நானும் மட்டும்.

சொன்னது சொன்னதுதான். காலி நாற்காலிகளைப் பார்த்து மைக்கில் சொன்னேன், "நான் ரசிகனே இல்லை." ஒலிபெருக்கி அதை இரண்டு தடவை சொன்னது. எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அவர் துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு, என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். வாயருகே கையைக் குவித்தார்.

"மண்டியிடு. இல்லையென்றால் மண்ணாகு."

எதிரே நின்றது அரைக்கைச் சட்டையும் சந்தனப் பொட்டும்தான். பயந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய பிறகுதான் அவன் வந்தான், முழு உயரத்தில், முகமூடியோடு. கண்ணைத் திறக்க மனமே இல்லை.

"சரியா வந்துச்சா சார்?" பல்லி திரும்பியிருந்தது.

"கண்ண மூடிக்கிட்டா ரொம்பச் சரியா இருக்குண்ணே" என்றேன்.

"என் வீட்டுக்காரியும் அதையேதான் சொல்லுவா" என்றார் அவர், பையை எடுத்துக்கொண்டே. "வாங்க, பிரியாணி தீர்ந்துடப் போகுது."