மஞ்சள் பூசி வாட்டிய வான்கோழி

மஞ்சள் பூசிய கோழித்தோல் வைக்கோல் நெருப்பில் பட்டதும் எழும் வாசனைதான் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளின் வாசனை. கோழியோ காடையோ, "மஞ்சா பூசி வாட்டாம" அடுப்பில் ஏற்ற அம்மா விடமாட்டார். அந்த வழக்கம் ஒருமுறை என் மாமாவின் பிழைப்பையே கவிழ்க்கப் பார்த்தது.

அம்மாவின் தம்பி சேகர் மாமா, துபாயில் ஒரு ஓட்டல் சமையற்கட்டில் சில வருஷம் இருந்துவிட்டு எங்கள் ஊரான சிங்கவரத்துக்குத் திரும்பியிருந்தார். முழுக்கோழியைச் சுட்டு விற்கும் கடை போட, செஞ்சி ரோட்டோரம் முள் மண்டிக் கிடந்த எங்கள் இடத்தைக் கேட்டார். அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவருக்கோ குழம்பில் மிதக்காத எதுவும் கறியே இல்லை. "சுட்டத இன்னாத்துக்கு மச்சான் வாங்குவாங்க? மொதல்ல எனக்கு ஒண்ணு செஞ்சி போடு. புடிச்சா எடம் தரேன்" என்றார்.

மாமா எங்கள் வான்கோழியைக் கேட்டு வாங்கினார். பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் என்னைத் துரத்திய ஜென்மம் என்பதால் எனக்கு அதன்மேல் பரிதாபம் வரவில்லை. ஆனால் இறகு பிடுங்கிய அதை, பஜாரிலிருந்து வாங்கிவந்த ஐஸ்கட்டியோடு, மிளகும் பூண்டும் இடித்துப் போட்ட உப்புத் தண்ணீரில், அன்னக்கூடை என்னும் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் அவர் ஊற வைத்ததுதான் விசித்திரமாக இருந்தது. உப்பு கறிக்குள் எந்த வழியாகப் போகும்? தண்ணீர் குறைகிறதா என்று மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். "காலையில தோல லேசா தூக்கி, அடியில மசாலா தடவிடுவேன் பாப்பா. மேல பூசினா வழிஞ்சிடும்" என்றார் மாமா.

மறுநாள் காலை அவர் தயிர் வாங்கிக்கொண்டு திரும்பியபோது அன்னக்கூடை கவிழ்ந்து கிடந்தது. ஏதோ கறி அலசிய தண்ணீர் என்று நினைத்து அம்மா அதை வாழைமரத்தடியில் கொட்டிவிட்டு, மஞ்சள் பூசி, வைக்கோலைக் கொளுத்தி, வான்கோழியைத் திருப்பித் திருப்பி வாட்டி முடித்திருந்தார். தோல் சுருங்கிக் கறியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மாமாவின் விரல் நுனிகூட உள்ளே நுழையவில்லை.

"இன்னாக்கா இப்டி பண்ணிட்ட? என் பொழப்பே போச்சி!" மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வாட்டாத கறிய எங்க வூட்டுக்காரரு வாயில வெப்பாரா?" என்று அம்மா திருப்பிக் கத்தினார். கத்தினாரே தவிர, முகம் வாடிவிட்டது. பிறகு, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை தைக்கும் கோணி ஊசியை எடுத்துவந்து நெருப்பில் காட்டி, வான்கோழியை உடம்பெல்லாம் குத்த ஆரம்பித்தார். அவர் குத்தக் குத்த, மாமா தயிர் மசாலாவை அழுத்தித் தேய்த்தார். எனக்கு மட்டும் ஏக சந்தோஷம், உப்பு போகும் வழி கண்ணுக்குத் தெரிந்துவிட்டதே!

பழைய தகர டிரம்மில் மல்லாட்டைத் தோலைப் புகையவிட்டு அதற்குமேல் வான்கோழியைத் தொங்கவிட்டார் மாமா. சாயங்காலம் நைனா குழம்பைத் தேடியபடியே முதல் துண்டைப் பிய்த்தார். பிறகு தேடவில்லை. "தோலு இருக்குதா இன்னும்?" என்று மட்டும் கேட்டார். விடிந்ததும் ரோட்டோரத்தில் கொடுவாளோடு நின்று முள்ளை வெட்டிக்கொண்டிருந்தார்.

கடை இன்றும் நன்றாகவே நடக்கிறது. டிரம் போய்க் கண்ணாடி அடுப்பு வந்துவிட்டது, வான்கோழி போய் பிராய்லர் வந்துவிட்டது, மல்லாட்டை மூட்டைகளை மிஷின் தைக்கிறது. போனமுறை ஊருக்குப் போயிருந்தபோது, உப்புத் தண்ணீர் வாளியின் மூடியைப் பழக்கதோஷத்தில் தூக்கிப் பார்த்தேன்.

"எவ்ளோ ஊற வெச்சாலும் அன்னிக்கி வந்த ருசி ஏன் மாமா வரல?"

மாமா மூடியை என் கையிலிருந்து வாங்கிச் சரியாக வைத்தார்.

"வெச்சது வெச்சபடியே இருக்குதும்மா. எடுத்துக் கொட்டறதுக்கு எங்கக்கா இல்லியே."