மச்சான் கொண்டுவந்த சிமெண்டுச் சீர்

இன்பராஜுக்கு ஒரு ஆசை வந்துவிட்டால் ஊர் தாங்காது. வீடு அதற்கு முன்பே தாங்காது. அருப்புக்கோட்டையில், குழாயில் தண்ணீர் வரும் நாளைத் திருநாளாகக் கொண்டாடுகிற தெருவில், மீன் தொட்டி வைத்தவன் அவன். மீனுக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு, மனைவி பாண்டீஸ்வரியை அரை வாளியில் குளிக்கச் சொன்னவன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அவனுக்குப் போன வருஷம் செங்கல் பைத்தியம் பிடித்தது.

மதுரையில் ஒரு காபிக் கடையில் பூசாத செங்கல் சுவரைப் பார்த்துவிட்டு வந்தான். "ஏ ஈசு, நம்ம சுவத்துக்குள்ளயும் இதே கல்லுதான் இருக்கு. பூசிப் பூசியே மூடி வச்சிட்டாய்ங்க" என்றான். அப்பா விட்டுப்போன வரிசை வீடு அது; இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒரே சுவர். அதைப் புதுப்பிக்கப் போகிறேன் என்று உளியும் சுத்தியலும் எடுத்தான். கை பழகுவதற்காக முதலில் குளியலறையை உரித்தான். அது பொக்கைவாயாகிப் பொடியாய் உதிர்ந்தது. கை பழகியதும் அதை அப்படியே போட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தான்.

கூடத்துச் சுவர் உண்மையாகவே அழகாக வந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இடுக்கில் சுண்ணாம்புச் சாந்து அடைத்து, உடைந்த கல்லுக்குப் பழைய கல்லாகவே தேடிப் பதித்து, வார்னிஷ் அடித்தான். பக்கத்து வீட்டு ராக்கம்மாள் எட்டிப் பார்த்து, "பாவம், வேல பாதியில நின்னுருச்சோ?" என்றாள். அதற்கெல்லாம் இன்பராஜ் அசரவில்லை. பாண்டீஸ்வரிதான் குளித்து வரும்போதெல்லாம் முதுகில் செங்கல் பொடியோடு வந்தாள். "பாத்ரூமப் பூசுங்க" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "அதுலயும் ஒரு அழகு இருக்கு பாரு" என்றான்.

வேலை முடிந்ததென்று பால் காய்ச்ச நாள் குறித்தார்கள். அன்று காலை தெருமுனையில் மேளம் கேட்டது. எம்.ரெட்டியபட்டியிலிருந்து பாண்டீஸ்வரியின் அண்ணன் நல்லகண்ணு சீர் கொண்டுவந்தார். முன்னால் பழத்தட்டு, தேங்காய்த்தட்டு. பின்னால் குட்டியானை வண்டியில், சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்ட சிமெண்டு மூட்டைகள். மணலும் ஒரு கொத்தனாரும் அதே வண்டியில்.

"பூச முடியாம கெடக்குன்னு ஒரு வார்த்த சொல்லப்படாதா மாப்ளே? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று நல்லகண்ணு கண்கலங்கினார்.

இன்பராஜ் மூட்டையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தான். மச்சான் கொண்டுவந்த சீரை வேண்டாமென்றால் ஆயுசுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. வாங்கினால் சுவர் போய்விடும். மாதக்கணக்கில் தேய்த்த சுவர்! அவன் யோசித்து முடிப்பதற்குள் நல்லகண்ணு வேட்டியை மடித்துக் கட்டி, சாந்தைக் குழைத்து, "மொதக் கை நான் வைக்கிறேன்" என்று நட்டநடுச் சுவரில் ஓங்கி ஒரு அப்பு அப்பினார். இன்பராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. பாசத்தில் அழுகிறான் என்று நல்லகண்ணு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் பாண்டீஸ்வரி வாயைத் திறந்தாள். "மொதக் கை வச்சாச்சுல்ல, போதும்ணே. பெறந்த வீட்டுச் சீர தண்ணி பொழங்குற எடத்துலதான் பூசணும். அதான் வழக்கம்."

அப்படியொரு வழக்கத்தை நல்லகண்ணு கேள்விப்பட்டதில்லை. இன்பராஜும் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் முந்திக்கொண்டு, "ஆமா மச்சான், எங்க வீட்டுல அதுல ரொம்பக் கண்டிப்பு" என்றான். மேளக்காரரும் எதற்கும் இருக்கட்டும் என்று தலையாட்டி வைத்தார்.

கொத்தனார் குளியலறைக்குள் நுழைந்தார். மறுநாள் சாயங்காலம் கடைசி மூலையைப் பூசி முடித்தபோது மூட்டையில் ஒரு கை சிமெண்டுகூட மிச்சமில்லை. கூடத்துச் சுவரில் அந்த ஒரே அப்பு மட்டும் நின்றது. மச்சான் வைத்த கையைச் சுரண்ட முடியுமா?

"எப்புடி மச்சான் இம்புட்டுச் சரியா கொண்டாந்தீக?" என்று இன்பராஜ் வியந்தான்.

"நான் என்னத்தக் கண்டேன்? பாப்பாதான் நீளம் அகலமெல்லாம் அளந்து போன்ல சொல்லுச்சு."

இன்பராஜ் திரும்பிப் பார்த்தான். பாண்டீஸ்வரி சாவகாசமாக ஒரு வாளியை அவன் கையில் கொடுத்தாள். "காலையிலயும் சாயங்காலமும் புதுப் பூச்சுக்குத் தண்ணி அடிங்க. மிச்சம் அரை வாளி இருந்தா நீங்க குளிக்கலாம்."