செமோருக்குச் செட்டு பார்க்கப் போனேன்

பழைய கதைப் பெட்டிகளைத் தேடி ஈப்போ பக்கம் போக நினைப்பவர்களுக்காக இந்தப் பதிவு. கதைப் பெட்டி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு பேசிப் பேசி, பகடை உருட்டி, அந்தக் கதைக்குள் போவார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடுவது, கணினி கிடையாது. எண்பதுகளில் வந்த பெட்டிகளுக்கு இப்போது நல்ல கிராக்கி. கிள்ளானில் என் துணி அலமாரியில் பாதியை இவைதான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் தமிழில் விளையாட எனக்கு ஒரு மேசை கிடைத்ததே இல்லை. கோலாலம்பூரில் இரண்டு குழுக்களில் சேர்ந்து பார்த்தேன். தமிழில் ஆடலாமா என்று கேட்டதற்கு, "சீரியல் மாதிரி இருக்கும்லா" என்று சிரித்தவர்களும் தமிழர்கள்தான்.

அப்படி இருக்கும்போது எங்கள் சேகரிப்பாளர் குழுவில் சேகர் என்பவர் ஒரு படம் போட்டார். கையால் வரைந்த வரைபடம். குகை, சுரங்கம் எல்லாம் உண்டு, ஆனால் பெயர்கள்தான் விசேஷம்: ஆயாக் கொட்டாய், பால் கொட்டாய், துரை பங்களா, எல்லாம் ரப்பர் தோட்டத்து இடங்கள். பூதம் இருந்தது துரை பங்களாவில்! செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர் அவர். நான்கு பையன்கள், பள்ளிக்கூட நாளில் ஆங்கிலப் பெட்டி ஒன்றைத் தமிழாக்கி விளையாடியிருக்கிறார்கள். கதை நடத்துபவருக்கு அவர்கள் வைத்த பெயர், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவரின் பெயர்: கங்காணி. ஆபீஸில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். இவர்களோடு ஒருமுறையாவது உட்கார்ந்து ஆடிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

என் தப்பு இரண்டு. முதலாவது, பிரேமைக் கூட்டிக்கொண்டது. பிரேம் ஈப்போக்காரன், எனக்கு ஐந்தாறு வருஷப் பழக்கம், நல்ல சேகரிப்பாளன் என்று நினைத்திருந்தேன். இரண்டாவது, நான் சேகருக்கு அனுப்பிய செய்தி. "அண்ணே, ஞாயித்துக்கெழம உங்க பழைய செட்டப் பாக்க நாங்க ரெண்டு பேரு வாரோம்" என்று எழுதினேன். அவர் பதில் போட்டார்: "வாங்க தங்கச்சி, எல்லாத்தையும் ரெடி பண்ணி வைக்கிறேன்." எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஜூன் மாத நீண்ட விடுமுறையில் போனேன். கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம், கட்டணம் நாற்பது ரிங்கிட் சொச்சம். விடுமுறை என்றால் இரண்டு வாரம் முன்பே டிக்கெட் எடுத்துவிடுங்கள். ஸ்டேஷனில் பிரேம் காருடன் நின்றான். வெள்ளைக் காப்பி குடித்துவிட்டு வடக்கே பதினைந்து கிலோமீட்டர். வழியெல்லாம் பெட்டியின் மூலை மடங்கியிருக்குமா, உள்ளே இரண்டாவது கதைப் புத்தகம் இருக்குமா என்று அதே பேச்சு. தோட்டம் இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள். முனியாண்டி கோயிலை மட்டும் கம்பி வேலி போட்டு விட்டுவைத்திருக்கிறார்கள். படம் எடுக்கப் போகிறவர்கள் ஏமாந்துபோவீர்கள், ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை.

சேகர் வீட்டு வாசலில் மூன்று கார்கள் நின்றன. ஏதோ விசேஷம் போலிருக்கிறது, தெரியாமல் வந்துவிட்டோமே என்று தயங்கினேன். அவர் வெளியே ஓடிவந்து, "வாங்க தங்கச்சி, செட்டு மொத்தமும் வந்துருச்சு" என்றார். உள்ளே மேசையைச் சுற்றி மூன்று பேர். ஐம்பதைத் தாண்டிய ஆண்கள், சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு. பாகான் செராயிலிருந்து அந்தோணி, சிம்பாங் பூலாயிலிருந்து செல்வம், ஈப்போ டவுனிலிருந்து சிவா. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் செட்டு என்று சொன்னது பெட்டியை. அவர் எடுத்துக்கொண்டது கூட்டாளிகளை. இந்த நாட்டில் எந்தத் தமிழனும் அப்படித்தானே எடுத்துக்கொள்வான், எனக்கு மட்டும் எங்கே போயிற்று புத்தி!

சேகரின் மனைவி மீ கோரேங் போட்டுக்கொடுத்தார். சாப்பிடும்போது கதையைச் சொன்னார்கள். கப்பலில் வேலை பார்த்த அந்தோணியின் மாமா வாங்கிவந்த பெட்டி அது. உள்ளே இரண்டு கதைப் புத்தகங்கள். முதலாவதைக் கிழியும்வரை ஆடியிருக்கிறார்கள். இரண்டாவதைத் தொடும் முன் தோட்டம் விற்றுப்போனது, குடும்பங்கள் திசைக்கொன்றாகப் போய்விட்டன. நாலு பேரும் ஒன்றாக உட்காரும் அன்றைக்குத்தான் அந்தப் புத்தகத்தின் பிளாஸ்டிக்கைப் பிரிப்பது என்று பேசி, சேகரிடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் வந்தால் ஒருவருக்கு ஷிப்ட், கல்யாணத்தில் பார்த்தால் பேச நேரமில்லை. இப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அன்றைக்கு அவர்களைக் கூட்டியது என் அரைகுறைச் செய்திதான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதை மறைக்கவும் இல்லை.

சாப்பிட்ட கையோடு சேகர் எழுந்து நின்றார். ஆட்டத்தை அவர்கள் பெரட்டில்தான் தொடங்குவார்களாம். விடியற்காலையில் தோட்டத்து வேலையாட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதே பெரட்டு. கங்காணி கூப்பிட, ஒவ்வொருவரும் தன் வேஷத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். "கத்தி வீரன்?" என்றார். அந்தோணி கையைத் தூக்கி, "ஆஜர்" என்றார். "மந்திரவாதி?" செல்வம் ஆஜர். "திருடன்?" சிவா குனிந்துகொண்டு சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "புது ஆளு பேரு என்னா?" என்றார் சேகர். நான் வாயைத் திறந்தேன்.

"அண்ணே, அதப் பிரிக்காதீங்க" என்றான் பிரேம்.

மேசைமேல் இருந்த அந்த இரண்டாவது புத்தகத்தை, பிளாஸ்டிக் உறையோடு, அவன் ஏற்கெனவே கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிரித்தால் சும்மா பழைய பேப்பர், பிரிக்காவிட்டால் மூவாயிரம் ரிங்கிட், இப்போதே கொடுக்கிறேன் என்றான். கிறுக்கலும் கிழிசலுமாக இருந்த பெட்டி அவனுக்கு வேண்டாமாம். பக்கத்திலேயே கிடந்த அந்த வரைபடத்தை அவன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு செல்வம், கார் வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர், தரையைப் பார்த்தபடி, கொடுத்துவிடலாமே என்றார். மூன்று மாசமாகக் கார் தவணை நிற்கிறதாம். இது என் மாமா வாங்கிவந்தது, விற்க மாட்டேன் என்றார் அந்தோணி. "ஒன் மாமா ஒனக்கா குடுத்தாரு? செட்டுக்குக் குடுத்தாரு" என்றார் செல்வம். அங்கிருந்து பேச்சு எங்கெங்கோ போனது. தோட்டம் விற்றபோது யார் வீட்டுக்கு நஷ்ட ஈடு கிடைத்தது, யார் மற்றவர்களை விட்டுவிட்டுத் தனியாகக் கையெழுத்துப் போட்டது என்று, இத்தனை வருஷம் மனசுக்குள் கிடந்ததெல்லாம் மேசைக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு வெளியே போ என்று பிரேமிடம் சொன்னேன். அவன் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

கடைசியில் சேகர்தான், "சுடா லா, போதும்" என்று புத்தகத்தைப் பிரேமிடமே விட்டு, பணத்தை வாங்கி நாலு பங்காகப் பிரித்தார். சண்டை நின்றால் போதும் என்று அவருக்கு. அந்தோணி தன் பங்கைத் தொடாமல் காரில் ஏறினார். செல்வம் பங்கை வாங்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போனார். பிரேம் என்னைக் கொண்டுவிடுவதாகச் சொன்னான். அவன் காரில் ஏறுவதற்குப் பதில் நடந்தே ஈப்போ போகலாம். செமோரில் ஞாயிறு பிற்பகல் வாடகைக் கார் லேசில் கிடைக்காது, முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சிவாதான் பாவம், ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். விற்பதற்காகச் சேர்ப்பவனை விளையாடுகிறவர்கள் வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். கூட வருகிறவன் எதற்கு வருகிறான் என்பதை ரயில் டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள், கேட்க வெட்கப்படாதீர்கள். பிரேம் அடுத்த வாரமே படம் போட்டான், "பிரிக்கப்படாதது" என்று. கையெடுத்துக் கும்பிடும் படமாகப் போட்டுத் தள்ளினார்கள் எங்கள் குழுவில். நான் குழுவை விட்டு வெளியேறிவிட்டேன்.

இதில் எரிச்சல் என்னவென்றால், அந்த இரண்டாவது கதை எங்கள் எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது. யாரோ எப்போதோ பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். பிரேம் வாங்கியது அந்த மேலுறையை மட்டும்தான். இது எனக்கு ரயிலில்தான் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் சேகரைக் கூப்பிட்டேன். கதை முழுதும் என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன், எல்லோரும் மறுபடி உட்காருங்கள், நானும் வருகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் நிதானமாகத்தான் சொன்னார்.

"வேணாம் தங்கச்சி. இத்தன வருசமா பாக்க முடியலன்னா, வேல, தூரம்னு சொல்லிக்குவோம். இனிமே கூப்பிட்டு யாராச்சும் வரலன்னா, அப்படிச் சொல்லிக்க முடியாதுலா."