யோசப்பின் கொண்டுவந்த வாசல்கூடு

குருநகரில் எங்கள் ஒழுங்கைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சொக்லேட்டும் சவர்க்காரமும் கொண்டுவருவார்கள். யோசப்பின் வேறு மாதிரி. ஹைஃபாவில் ரிவ்கா என்ற யூதக் கிழவியைப் பல வருடம் பராமரித்துவிட்டு, போன மாரிகாலத்தில் வீடு திரும்பியவள், மூன்று வெள்ளிச் சாமான்களோடும் மூன்றுக்கும் ஒவ்வொரு விளக்கத்தோடும் வந்து இறங்கினாள். விளக்கம் கேட்காமல் அந்த வீட்டில் தேத்தண்ணீர் குடிக்க முடியாது.

முதலாவது, நடுவில் நீலக்கண் பதித்த உள்ளங்கை. கண்ணூறு அண்டாதிருக்க யூதர்கள் கழுத்தில் போடுவது, சுவரில் மாட்டுவது. அதற்கு எங்களுக்கு விளக்கமே தேவையில்லை. குழந்தைக்கும் புதுப் படகுக்கும் மிளகாய் சுற்றிப் போடுகிற சனம் நாங்கள். இரண்டாவது, மாதுளம்பழத் தோடு. பழத்துக்குள் எத்தனை முத்தோ அத்தனை நற்செயல் செய்யவேண்டும் என்பது அதன் பொருளாம். மகள் மேர்சி கேட்டுவிட்டு, "அவ்வளவும் என்னாலை ஏலாதம்மா. நான் ஒரு காதிலை மட்டும் போடுறன்" என்றாள்.

மூன்றாவதுதான் வில்லங்கம். விரல் நீளத்தில் ஒரு வெள்ளிக்கூடு, மெசூசா என்று பெயர். ஆண்டவரின் வார்த்தை எழுதிய தோல்சுருளை உள்ளே வைத்து வாசல் நிலையில் பதிப்பார்கள். ரிவ்கா கலியாணம் முடித்துப் போன முதல் வீட்டு வாசலில் இருந்த கூடு அது. சுருளை எடுத்து வைத்துக்கொண்டு, கூட்டை யோசப்பினிடம் கொடுத்து, "உன் வாசலில் பதித்துவிட்டுக் காட்டு" என்று கேட்டிருக்கிறார். இவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

வாக்குக் கொடுத்தவள் வந்தவுடன் பதித்திருக்கவேண்டும். சுவாமியார் வந்து ஆசீர்வதிக்கட்டும் என்று அலுமாரியில் வைத்தாள். அங்கே அதைக் கண்டவர் அவளுடைய புருசன் சிமியோன். கடற்றொழில் செய்கிறவர், யோசப்பின் விளக்கம் சொல்லும் நேரமெல்லாம் களைத்து நித்திரை. எங்கள் ஆட்கள் இப்படி வெள்ளிக்குழாய் ஒன்றைக் கண்டால் அச்சரக்கூடு என்றுதான் நினைப்பார்கள். உள்ளே காவலுக்கு ஏதாவது வைத்து உடம்பில் கட்டுவது. மனைவி தனக்குத்தான் கொண்டுவந்து ஒளித்து வைத்திருக்கிறாள் என்று மனுசனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தோனியார் படம் ஒன்றைச் சுருட்டிச் செருகினார். நகை செய்கிற பத்தர் தம்பிராசாவிடம் கொடுத்து வாயை ஒட்டுவித்து, வளையம் வைத்து, கறுப்புக் கயிற்றில் புயத்தில் கட்டிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார்.

கரைக்கு வந்தபோதுதான் யோசப்பின் கண்டாள்.

"என்னப்பா உது?"

"நீர் எனக்குத்தானே கொண்டந்தனீர். இண்டைக்கு நல்ல மீன்பாடு."

"ஐயோ, உது வாசலுக்குப் போடுறது."

"வாசலே கடலுக்குப் போகுது? நானெல்லோ போறன்."

யோசப்பின் அழுதாள். ஒரு மனுசி வாழ்ந்த வீட்டின் நினைவை, அவர் புனிதமாக வைத்திருந்த பொருளை, விளையாட்டாக்கிவிட்டோம் என்று ரிவ்கா நினைப்பாரே என்பதுதான் அவளுடைய பயம். பெற்ற தாயைப் போல அந்தக் கிழவியில் அவளுக்கு அன்பு. சிமியோனுக்கு நல்லதாக நாலு பேச்சுக் கொடுக்கவேண்டும் என்று எனக்கே வாய் துறுதுறுத்தது.

ஞாயிறு பூசை முடிந்து நான் யோசப்பின் வீட்டில் இருக்கும்போதே வட்ஸ்அப்பில் ரிவ்காவின் கோல் வந்தது. வாசலைக் காட்டச் சொன்னார். யோசப்பின் பொய் சொல்லத் தெரியாதவள். அந்தோனியாரை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் எபிரேய மொழியில் சொன்னாள். சிமியோன் குற்றவாளிபோல் சட்டைக்கையைச் சுருட்டிக் காட்டினார்.

பிறகு ரிவ்கா ஏதோ கேட்டார்.

"ஏன் இடக்கையிலை கட்டினவர் எண்டு கேக்கிறா" என்றாள் யோசப்பின்.

"வலக்கையாலைதானே வலை இழுக்கிறது. உராயும்."

அதைக் கேட்டுக் கிழவி நெடுநேரம் பேசினார். யோசப்பின் கண்ணைத் துடைத்துத் துடைத்து எங்களுக்குச் சொன்னாள். வாசலில் எழுது என்று சொல்கிற அந்தச் சுருளிலேயே, அதற்கு முந்திய வரி, கையில் கட்டிக்கொள் என்கிறதாம். யூத ஆண்கள் காலைச் செபத்துக்கு அந்த வார்த்தைகளைத் தோல்பெட்டியில் வைத்து இடப்புயத்தில் கட்டுவார்களாம். ரிவ்காவின் புருசனும் கண்மூடும்வரை கட்டினவராம்.

"கழட்ட வேண்டாமாம்" என்று முடித்தாள்.

"நான் அப்பவே சொன்னனான்" என்றார் சிமியோன். அந்த மனுசனைத் திருத்த ஏலாது.

கையைக் கிட்டக் கொண்டுவரச் சொன்னார் ரிவ்கா. சிமியோன் புயத்தை ஃபோனுக்கு முன்னால் பிடித்தார். கிழவி இரண்டு விரலால் தன் ஃபோன் திரையில் அந்தக் கூட்டைத் தொட்டு, அந்த விரல்களை முத்தமிட்டார். வீட்டு வாசலைக் கடக்கும்போதெல்லாம் அங்குள்ள கூட்டுக்கு அவர் அப்படிச் செய்வதை யோசப்பின் கண்டிருக்கிறாள். ஓர் ஆளுக்குச் செய்ததை அன்றுதான் கண்டாள்.