பாடைக்கு முன் போன பாட்டு

ஆரப்பாளையத்தில் அன்னக்கொடி கூலிக்கு நெல் குத்திய காலத்தில், அந்தத் தெருவார் சேவலை நம்பி எழுந்ததில்லை. உரலில் உலக்கை விழும் ஓசையும், அதன்மேல் ஏறி வரும் அவளுடைய முனகலுமே அவர்களை எழுப்பின. அந்தப் பாட்டுக்குச் சொற்கள் கிடையா. உலக்கை உயரும்போது தானும் உயர்ந்து, விழும்போது சற்றே நின்று, கை மாற்றும் இடத்தில் நீண்டு இழுபடும் ஒரு மெட்டு, அவ்வளவே. பால் கறப்பவர்கள் மடியடியில் அமர்ந்து அதை முனகினார்கள். ஆற்றுக்குத் துணி வெளுக்கப் போகிறவர்கள் அதையே சீட்டியடித்துக்கொண்டு போனார்கள்.

அவளுடைய கணவன் கருத்தக்கண்ணன் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவன். நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்து உழவர் குடும்பத்துப் பிள்ளை. ஏர் பிடிக்க மனமில்லாமல் நகரத்துக்கு வந்து, பட்டாளத்தில் வாத்தியம் வாசித்துத் திரும்பிய ஒருவரிடம் அக்கருவியைக் கற்றவன். கல்யாண ஊர்வலத்துக்கும் அந்தச் செட்டுதான் போகும். வயது முதிர்ந்தவர்கள் இறந்தால் பாடைக்கு முன்னே நடப்பதும் அதே செட்டுதான். மனைவியின் மெட்டைக் கருவியில் பிடித்து, மெருகேற்றி, மாப்பிள்ளை அழைப்புகளில் அவன் வாசித்துவந்தான். எந்த நாடகத்துப் பாட்டு என்று கேட்டவர்களிடம், "எங்க வீட்டுப் பாட்டு" என்று சொல்வதில் அவனுக்குத் தனிச் சுகம்.

அந்தச் சுகமே வினையாயிற்று. நாடகக் குழு ஒன்றில் பாடிக்கொண்டிருந்த அழகுமலை, கிளாரினெட்காரன் ஒருவனைத் தேடிக்கொண்டு ஒருநாள் காலை அவ்வீட்டுக்கு வந்தார். வாசலில் உலக்கைப் பாட்டைக் கேட்டதும் வந்த வேலையை மறந்து தவிட்டு மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார். கருத்தக்கண்ணன் பெருமை தாங்காமல் கருவியை எடுத்து, மெட்டின் நெளிவு சுளிவுகளையெல்லாம் வாசித்துக் காட்டினான். இழுவை விழும் இடத்தை மட்டும் மீண்டும் மீண்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, அழகுமலை போனார். அதன்பின் அவர் கிளாரினெட்காரனைத் தேடி வரவில்லை.

மறு ஆண்டு, 1934இல், அந்த மெட்டு கிராமபோன் பிளேட்டாக வந்தது. காதலனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தி நிலவிடம் முறையிடுவதாகச் சொற்கள் கட்டி, அழகுமலை சென்னைக்குப் போய்ப் பாடியிருந்தார். கோரிப்பாளையத்தில் சிஹாபுதீனின் டீக்கடையில் புதிதாகக் குழாய் வைத்த கிராமபோன் இருந்தது. தர்காவுக்கு வருகிறவர்களும் சந்தைக்குப் போகிறவர்களும் அந்தப் பாட்டைக் கேட்பதற்கென்றே இன்னொரு கிளாஸ் டீ வாங்கினார்கள். சிஹாபுதீன் கருத்தக்கண்ணனின் நெடுநாள் நண்பர். நண்பனின் தலையைக் கண்டதும் ஊசியைத் தூக்கிவிடுவார். ஆனால், ஊரில் இருந்த எல்லா ஊசிகளையும் அவரால் தூக்க முடியுமா?

இது திருட்டு என்று கருத்தக்கண்ணன் சொன்னபோது, கேட்டவர்கள் சிரித்தார்கள். பிளேட்டில் அச்சடித்த பெயர் அழகுமலையுடையது. வாயால் சொல்லும் பெயருக்கு அதன்முன் மதிப்பில்லை.

அந்த ஐப்பசியில் ஒரு பலசரக்கு வியாபாரி வீட்டு மாப்பிள்ளை அழைப்பில் செட்டு வாசித்தது. கருத்தக்கண்ணன் வழக்கம்போல் தன் மெட்டை எடுத்தான். பந்தலில் முன்வரிசையில், வெற்றிலை மென்றுகொண்டு, அழகுமலை உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்ததும் அவர் கையசைத்து அழைத்தார். தன் பெயரைச் சபையில் சொல்லப்போகிறார் என்று எண்ணி, கருத்தக்கண்ணன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு போனான்.

"எம் பாட்ட நல்லாத்தான் புடிச்சிருக்க" என்றார் அழகுமலை, எல்லாரும் கேட்கும்படி. "ஒரு எடத்துல இழுவை தப்புதுப்பா. பிளேட்டப் போட்டு நாலு தடவ கேட்டுப் பழகு."

பந்தல் சிரித்தது. கருத்தக்கண்ணன் அந்தப் பந்தலில் நின்றவரை மணமக்களுக்குக் குறைவின்றி வாசித்தான். வீட்டுக்குப் போனதும் கருவியைப் பிரித்துத் துடைத்தான். துடைத்ததையே மறுபடியும் துடைத்தான். அன்னக்கொடி என்னவென்று கேட்டபோதும் துடைத்துக்கொண்டிருந்தான்.

பேண்டு செட்டார் கட்டிக்காத்த நியதி ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு வாசிப்பவை வேறு. சாவுக்கு வாசிப்பவை வேறு. பாடைக்கு முன் ஒலித்த மெட்டு மறுபடியும் மணப்பந்தலுக்குள் நுழையாது. நுழைந்தால் வீட்டார் வாத்தியத்தைப் பிடுங்கிவிடுவார்கள். ஆகவே எந்த மெட்டு எந்தப் பக்கம் என்பதில் செட்டுக்குள் ஒருவரும் பிசகியதில்லை. கருத்தக்கண்ணன் தன் பழிக்கான வழியை அந்த நியதிக்குள்ளேயே கண்டெடுத்தான்.

மேலத் தெருவில் பேரன் பேத்தி எடுத்த ஒரு செல்வந்தர் இறந்தபோது, பாடை எழும்பும் நேரத்தில் செட்டுத் தலைவர் தவசியிடம் தான் வாசிக்கப்போவது இன்னதென்று அவன் சொன்னான். தவசி கொட்டுக்காரர்களை நிறுத்திவிட்டு அவனை ஓரமாக அழைத்துப்போனார்.

"தம்பி, இதுக்கு வாசிச்சா அதை அப்புறம் திருப்பிக் கொண்டாற முடியாது. தெரியுமில்ல?"

"திரும்ப வரக் கூடாதுன்னுதாண்ணே வாசிக்கப் போறேன்."

அன்று வைகைக் கரைச் சுடுகாடுவரை, நிலவிடம் முறையிடும் அந்தக் காதல் மெட்டு, நடையைப் பாதியாக்கிக்கொண்டு, பாடைக்கு முன்னே அழுதுகொண்டு போனது. கைமாற்றும் இடத்து இழுவையை அவன் ஒப்பாரியாக நீட்டியபோது, அதுவரை அழாத மருமகள்கள்கூட மார்பில் அடித்துக்கொண்டார்கள். அடுத்த சாவு வீட்டார் அதையே கேட்டு வாங்கினார்கள். மற்றச் செட்டுகளும் பழகிக்கொண்டன. அடுத்து வந்த வெயில் காலத்தில் பேதி கண்டு பலர் இறந்தனர். தெருமுனையில் அந்த மெட்டு கேட்டாலே தாய்மார் குழந்தைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள்.

சிஹாபுதீன் கடையில் ஒருநாள், பெண் பார்க்கப் புறப்பட்ட கூட்டம் ஒன்று டீ குடிக்க நின்றது. கடைப்பையன் தெரியாமல் அந்தப் பிளேட்டைப் போட்டுவிட்டான். கிளாஸ்களை அப்படியே பலகையில் வைத்துவிட்டு அவர்கள் வந்த வழியே திரும்பிப் போனார்கள். சிஹாபுதீன் பிளேட்டைத் துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் போட்டார். கருத்தக்கண்ணனிடம் அதைச் சொல்லிவிட்டு, "மாப்ள, மையித்துக்கு ஒருதரந்தான் மண்ணு. நீ தினம் ஒருதரம் அந்தாளப் பொதைக்கிற" என்றார். கருத்தக்கண்ணன் சர்க்கரை கூடுதலாகக் கேட்டு வாங்கிக் குடித்தான்.

தை பிறந்ததும் அவன் காத்திருந்தது கண்ணெதிரே நடந்தது. ஒரு பெரிய கல்யாணத்தில் கச்சேரிக்கு அழகுமலை. ஊர்வலத்துக்குத் தவசியின் செட்டு. நெடுநாள் வெளியூர் மேடைகளில் இருந்துவிட்டு வந்திருந்த அழகுமலை, புகழ்பெற்ற தம் பாட்டை முதலாவதாக எடுத்தார். பல்லவி முடியவில்லை. மணமகளின் தாய் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். கிழவர் ஒருவர் மேடையேறி ஆர்மோனியத்தின் துருத்தியை அமுக்கிப் பிடித்தார். என்ன குற்றம் செய்தோம் என்பதே விளங்காமல் அழகுமலை பந்தலைச் சுற்றிப் பார்த்தார். வாசலருகே, கிளாரினெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற கருத்தக்கண்ணன்மேல் அவர் பார்வை வந்து நின்றது. அவன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டான்.

சில நாட்களில் அவர் சிஹாபுதீன் கடைக்கே அவனைத் தேடிக்கொண்டு வந்தார். வந்திருந்த அழைப்புகள் முறிந்துவிட்டன என்றார். ஒரேயொரு கல்யாணத்தில் செட்டு அதை வாசித்தால் தோஷம் கழிந்துவிடும் என்றார். மெட்டு யாருடையது என்பதைத் தாம் எங்கு வேண்டுமானாலும் சொல்லத் தயார் என்றும் சொன்னார். கருத்தக்கண்ணன் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

"ஒரு எடத்துல இழுவை தப்புதுண்ணே" என்றான். "பாடைக்குப் பின்னால நாலு தடவ நடந்து, கேட்டுப் பழகுங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பந்தலில் கேட்ட சிரிப்பைவிட அது சிறியதுதான். ஆனாலும் அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

மனைவியிடம் சொல்லி மகிழ அவன் வீட்டுக்கு விரைந்தான். அன்னக்கொடி குத்திக்கொண்டிருந்தாள். உலக்கை விழுந்தது; அதற்குமேல் ஓசையில்லை. அவன் கதையை முழுவதும் சொல்லிவிட்டு, ஏன் பாடவில்லை என்று கேட்டான்.

"பாடி எம்புட்டு நாளாச்சு, இப்பத்தான் காதுல விழுந்துச்சாக்கும்" என்றாள் அவள். "பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாச்சி அப்பவே வந்து, பாடாதக்கான்னு கையெடுத்துக் கும்பிட்டா. பெறகு எல்லாரும், பாடாமக் குத்துறதா இருந்தாத்தான் நெல்லு கொண்டாருவோம்னுட்டாளுக."

வேறு பாட்டுப் பாடலாமே என்றான். அந்த உலக்கைக்கு அதுதான் வரும் என்று சொல்லிவிட்டு அவள் கை மாற்றினாள். இழுவை விழ வேண்டிய இடத்தில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மௌனத்துக்கும் அழகுமலையே பொறுப்பு என்று கருத்தக்கண்ணன் தனக்குள் தீர்ப்பளித்துக்கொண்டான். அவர்மேல் கொண்ட பகை, அன்றுமுதல் இரட்டித்தது.

உலகப் போர் நடந்து, அரிசிக்கு வரிசையில் நின்ற ஆண்டுகளில் அழகுமலை இறந்தார். கடைசிக் காலத்தில் அவர் பாடவில்லை. ஒரு நாடகக் கம்பெனியில் திரை இழுத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். அவருடைய மகன் செட்டுக்குச் சொல்லியனுப்பினான். அப்பாவின் பாட்டை வாசித்தே அப்பாவை அனுப்ப வேண்டும் என்று கேட்டான். தவசிக்கு அப்போது வயதாகிவிட்டது. முடிவைக் கருத்தக்கண்ணனிடம் விட்டார். ஊரிலுள்ள எல்லாப் பிணங்களுக்கும் வாசித்த அந்த மெட்டை வாசிக்க, அன்று அவன் மறுத்தான்.

"அது எம் பொண்டாட்டி பாட்டு" என்றான், பாடையைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கேட்கும்படி. "அவருக்குக் கெடையாது."

வேறு ஏதேதோ வாசித்தபடி ஆற்றங்கரைவரை நடந்தான். மகன் வழிநெடுக அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். பழி இன்றோடு நிறைந்தது என்று எண்ணிக்கொண்டே கருத்தக்கண்ணன் குளித்து, ஈரவேட்டியோடு வீட்டு வாசலில் நின்று, அங்கே சொன்ன சொல்லை அன்னக்கொடியிடம் அப்படியே சொன்னான். அவள் முறத்தில் இருந்த அரிசியைப் புடைத்து முடித்தாள்.

"எம் பாட்டுன்னு அங்கன வச்சுச் சொன்னீகளாக்கும்" என்றாள் பிறகு. "அப்ப ஒண்ணு கேட்டுக்கங்க. நான் செத்தாலும் அதை வாசிக்கப்படாது."

அவள் உமியை ஊதித் தள்ளிவிட்டு உலக்கையைத் தூக்கினாள்.