கையோடு வந்த கமேலியா

பொங்கல் முடிந்த வாரம் நானும் என் வீட்டுக்காரரும் ஊட்டிக்குப் போயிருந்தோம். ஆரணியில் பட்டுப்புடவை வியாபாரம் அவருக்கு. எதையும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்காமல் நம்பமாட்டார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டு ஜன்னல் திரையைத் தேய்த்துப் பார்த்தவர்.

தாவரவியல் பூங்காவில் கமேலியா பூத்திருந்தது. பலகையைப் படித்துத்தான் பெயரே தெரிந்தது. மினுமினுக்கும் இலைகளுக்கு நடுவே, அடுக்கு அடுக்கான இதழ்களோடு நல்ல ராணி கலர் பூக்கள். தாழ்ந்த கிளையில் ஒன்றைக் குனிந்து முகர்ந்தேன். வாசனையே இல்லை.

"வாசன இல்லியா? அப்ப பிளாஸ்டிக்குதான். ஜனங்க வர்றாங்கன்னு கட்டி வுட்டுக்கிறாங்க," என்றார்.

"தொடாதீங்க, போர்டு வெச்சிக்கிறாங்க பாருங்க."

நான் சொல்லி முடிப்பதற்குள் கட்டைவிரல் போய்விட்டது. லேசாகத்தான் தேய்த்தார். பூ முழுசாகக் கழன்று அவர் உள்ளங்கையில் உட்கார்ந்துகொண்டது. அதே நேரம் பின்னால் விசில் சத்தம். காவலாளி ஒருவர் வந்துகொண்டிருந்தார்.

இவர் சட்டென்று பூவைக் கிளையோடு சேர்த்துப் பிடித்து, குனிந்தபடியே சிரித்தார். "போட்டோ எடு, ஜல்தி! நான் சொல்ற வரைக்கும் எடுத்துகினே இரு!"

எடுத்தேன். காவலாளி பக்கத்திலேயே நின்றார். பதினேழு படம் எடுத்தேன். பதினேழிலும் இவர் அதே சிரிப்போடு குனிந்தே நின்றார். அதற்குள் ஒரு குடும்பம் எங்களுக்குப் பின்னால் காத்து நின்றது.

"அண்ணா, கொஞ்சம் நகருங்களேன். அந்தப் பூகிட்ட நாங்களும் எடுத்துக்கறோம்," என்றாள் அந்தக் குடும்பத்துப் பெண்.

"நகர முடியாதும்மா. இடுப்பு புடிச்சிக்கிச்சி."

பதறிப்போன அவள் கணவர், ஓடிவந்து இவர் இடுப்பைப் பிடித்து நிமிர்த்தினார். பூ புல்லில் விழுந்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அது தானா விழற பூதான் சார். கீழ பாருங்க," என்றார் காவலாளி. செடியின் அடியில் அதே மாதிரி பூக்கள் நிறையக் கிடந்தன. "நான் அந்தப் பக்கம் வேலி தாண்டினவரைப் பாத்துதான் விசில் அடிச்சேன்!"

பூ விஷயம் தீர்ந்தது. இடுப்பு விஷயம் தீரவில்லை. அந்தக் குடும்பம் கைத்தாங்கலாக வாசல்வரை கூடவே வந்தது. வேறு வழியில்லாமல் இவர் கோணிக்கொண்டே நடந்தார். அவர்கள் வாங்கித் தந்த டீயையும் கோணியபடியே குடித்தார். தைலம்கூடக் கொடுத்தார்கள். நான் ஒரு மரத்துக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.